யாரும் பெருசா பேசாத பேய் காமெடி படங்கள்: கேளுங்க, சொல்றேன்

போஸ்டரைப் பார்த்தாலே தள்ளிவிட்டுப் போயிடத் தோணும் பாருங்க, அந்த மாதிரி சின்ன பட்ஜெட் பேய் காமெடி படங்களைத்தான் நான் தேடித்தேடிப் பார்ப்பேன். அதைப் பத்தி நீங்க கேட்டதுக்கெல்லாம் கீழ பதில் போட்டிருக்கேன். எந்தப் படத்தோட சஸ்பென்ஸையும் உடைக்கல, தைரியமா படிங்க.

கேள்வி: அண்ணா, இந்த வகையே எனக்குப் புதுசு. ஒரே ஒரு படம் சொல்லுங்க.

ஒன் கட் ஆஃப் தி டெட். 2017ல வந்த ஜப்பான் படம், டைரக்டர் ஷினிசிரோ உவேதா. பாழடைஞ்ச கட்டடத்துல ஒரு குட்டி டீம் ஜாம்பி படம் எடுத்துட்டிருக்கு, திடீர்னு நிஜ ஜாம்பியே வந்துடுது. இதுக்கு மேல ஒரு வரி கூட தெரிஞ்சுக்காதீங்க, ட்ரெய்லர் பார்க்காதீங்க, விமர்சனம் படிக்காதீங்க.

கேள்வி: அதை 20 நிமிஷம் பார்த்தேன் ப்ரோ, செம மொக்கையா இருந்துச்சு, ஆஃப் பண்ணிட்டேன். இதுக்கா இவ்ளோ பில்டப்?

ஐயோ, அங்கதான் நிறைய பேர் விட்டுட்டுப் போறாங்க! முதல் 37 நிமிஷம் கட்டே இல்லாம ஒரே ஷாட். நடுவுல ஆளுங்க சம்பந்தமே இல்லாம பொழுதுபோக்கு பத்தி பேசுவாங்க, கேமரா பாட்டுக்கு தரையில கிடக்கும் யாரும் எடுக்க மாட்டாங்க, லென்ஸ்ல ரத்தம் தெறிச்சா எங்கிருந்தோ ஒரு கை வந்து துடைக்கும். "என்னடா இப்படி எடுத்து வச்சிருக்கான்"னு உங்களுக்குத் தோணின ஒவ்வொரு இடத்தையும் மனசுல குறிச்சு வச்சுக்கோங்க. படம் முடியறப்போ ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பதில் வரும், வயிறு வலிக்கச் சிரிப்பீங்க, அதோட அந்த டீம் மேல பாசமே வந்துடும். தயவுசெஞ்சு திரும்பப் போட்டுப் பாருங்க.

கேள்வி: அதுக்கு எவ்ளோ செலவாச்சு?

கிட்டத்தட்ட 30 லட்சம் யென், அதாவது சுமார் 25,000 டாலர். நடிச்சவங்க யாருக்கும் பேரு கிடையாது, ஒரு நடிப்புப் பயிற்சிப் பட்டறையில இருந்து வந்தவங்க. பார்த்தவங்க வாய் வழியாவே பரவி, உலகம் பூரா சேர்த்து 3 கோடி டாலரத் தாண்டி வசூல் பண்ணுச்சு. 2022ல பிரெஞ்சுல ரீமேக்கும் வந்துச்சு, ஆனா முதல்ல ஒரிஜினலப் பாருங்க.

கேள்வி: பணமே இல்லாம இவங்க எப்படித்தான் சமாளிக்கிறாங்க? ஏதாவது உதாரணம் சொல்லுங்க சார்.

இதைப் பத்தி விடிய விடிய பேசலாம். ஈவில் டெட், 1981, டைரக்டர் சாம் ரெய்மி. காட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு சீறிக்கிட்டு வர்ற அந்த ஷாட்டுக்கெல்லாம் ஒரு மரப்பலகையில கேமராவ மாட்டி ரெண்டு முனையையும் ஆளுக்கொண்ணா பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்காங்க, அவ்ளோதான் டெக்னாலஜி. ரத்தத்துக்கு கார்ன் சிரப்ல, அதாவது சோளப் பாகுல கலர். அடுத்து பீட்டர் ஜாக்சனோட முதல் படம் பேட் டேஸ்ட், 1987, நியூசிலாந்து. சனி ஞாயிறுகள்ல மட்டும் ஷூட்டிங் வச்சு நாலு வருஷம் இழுத்திருக்காரு, வேற்று கிரக ஆளுங்களோட முகமூடிய தன்னோட அம்மாவோட சமையல் ஓவன்லயே வேக வச்சு எடுத்திருக்காரு. ஆள் பத்தலன்னு ரெண்டு கேரக்டரையும் அவரே பண்ணி, மலை உச்சியில அவரோடயே அவர் சண்டை போடுவாரு. ஒருத்தருக்கு தாடி, இன்னொருத்தருக்கு மீசை தாடி இல்லாத முகம், வெட்டி ஒட்டினதுல உங்களுக்கு டவுட்டே வராது. பின்னாடி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எடுத்த அதே ஆள்தான். கையில காசு இல்லாதப்போ ஒரு ஆளோட மூளை எப்படி வேலை செய்யுதுன்னு இந்தப் படங்கள்ல நேராவே பார்க்கலாம், எனக்கு இதுல கிடைக்கிற சந்தோஷம் பெரிய பட்ஜெட் படத்துல கிடைக்கறதே இல்ல.

கேள்வி: பயத்தையும் சிரிப்பையும் ஒண்ணா கலந்தா ரெண்டுமே கெட்டுப்போகாதா?

நடிக்கிறவங்க "நாங்க காமெடி பண்றோம்"னு காட்டிக்கிட்டா கெட்டுடும். ஈவில் டெட் ரெண்டாவது பாகம், 1987, அதுல ஹீரோவோட கைக்குள்ள பேய் புகுந்துடும். அந்தக் கை அவன் தலையிலயே தட்டு தட்டா எடுத்து உடைக்கும், அவன் வலியில அலறுவான். ஹீரோவா நடிச்ச ப்ரூஸ் கேம்ப்பெல் ஒத்தை ஆளா அதைப் பண்ணியிருக்காரு, அவரு முகத்துல இருக்கற பயம் நூத்துக்கு நூறு நிஜம், அதனாலதான் நமக்கு சிரிப்பு அடக்க முடியல. பயமுறுத்தறதுக்கும் சிரிக்க வைக்கறதுக்கும் வேலை ஒண்ணுதான், எதிர்பார்ப்ப ஏத்திக்கிட்டே போய் சரியான நொடியில உடைக்கணும், ஒரு நொடி தள்ளிப்போனாலும் சொதப்பிடும்.

கேள்வி: இந்தப் படங்கள்ல டிவியில ஓடுறது எப்பவும் அதே பழைய கருப்பு வெள்ளை ஜாம்பி படமாவே இருக்கே, ஏன்?

நல்லா கவனிச்சிருக்கீங்க! அது நைட் ஆஃப் தி லிவிங் டெட், 1968. ரிலீஸ் நேரத்துல டைட்டிலை மாத்தினப்போ காப்புரிமை அறிவிப்ப போடாம விட்டுட்டாங்க, அப்போ இருந்த அமெரிக்கச் சட்டப்படி உரிமையே போயிடுச்சு. யார் வேணா காசு குடுக்காம காட்டலாம், கையில காசில்லாத டைரக்டர் வேற எதை எடுப்பாரு?

கேள்வி: எனக்கு ரத்தம் ஆகாது, ஆனா பார்க்கணும்னு ஆசை.

அப்போ பீட்டர் ஜாக்சனோட ப்ரெய்ன்டெட் பக்கமே போகாதீங்க. வாட் வீ டூ இன் தி ஷேடோஸ், 2014, இதுல ஆரம்பிங்க. ரத்தம் கொஞ்சம் வரும், ஆனா பெரும்பாலும் ஒரே வீட்டுல தங்கியிருக்கற வாம்பயருங்க யார் பாத்திரம் கழுவறதுன்னு மீட்டிங் போட்டு சண்டை போடறதுதான் படமே.

கேள்வி: தங்கம் எது தகரம் எதுன்னு போடறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

முன்னாடியே முழுசா கண்டுபிடிக்க முடியாது, ஆனா வடிகட்டலாம். ஸ்பெயினோட சிட்ஜெஸ், கனடாவோட ஃபான்டேசியா மாதிரி விழாக்கள்ல என்னென்ன படம் போட்டாங்கன்னு பழைய பட்டியலப் புரட்டிப் பாருங்க, அதுலயும் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு ஜெயிச்ச படங்கள முதல்ல எடுங்க. போட்டதுக்கப்புறம் முதல் பத்து நிமிஷம் சவுண்டக் கவனிங்க. படம் மங்கலா இருந்தா பரவால்ல, செட்டு ஆடினாலும் பரவால்ல, ஆனா வசனம் கேக்காம, கதவு தட்டற சத்தம் கூட ஏனோதானோன்னு இருந்துச்சுன்னா எடுத்தவருக்கே அக்கறை இல்லைன்னு அர்த்தம், நான் அப்பவே மாத்திடுவேன்.

கேள்வி: தனியா பார்க்கறதா, கூட்டமாவா?

கூட்டமா. ஒருத்தர் சிரிச்சா மத்தவங்களுக்கும் தொத்திக்கும். ஒன் கட் ஏற்கனவே பார்த்த ஆள் கூட இருந்தா மட்டும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லி வச்சிடுங்க, அந்த 37 நிமிஷத்துல அவங்களால சும்மா இருக்கவே முடியாது.