இடுக்கில் இருக்கும் பேட்டரியை நாமே மாற்றலாமா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் வாசகர் கேட்கிறார்: "என் பழைய சின்னக் காடி காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் நடுவே இறுகிக் கிடக்கிறது. ஸ்பானரைத் திருப்பவே இடமில்லை. நானே மாற்றலாமா?"

தாராளமாக மாற்றலாம். முதலில் கோளாறு பேட்டரியில்தானா என்று பாருங்கள். இரவு முழுக்க நிறுத்திய காடியில், பேட்டரியின் இரு முனைகளிலும் வைக்கும் வோல்ட் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கிறது. 12 பக்கம் இறங்கியிருந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து, கேபிளை எடுத்த பிறகு 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 12-லேயே நின்றால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் பட்டறை ஃபோர்மனிடம் காட்ட வேண்டும். புதுப் பேட்டரி போட்டும் பயனில்லை.

இனி இடப் பிரச்சினை. இருக்கிற இடுக்கிலேயே ஸ்பானரை நுழைத்து மல்லுக்கட்டாதீர்கள். கை நழுவுவதும் தீப்பொறி பறப்பதும் அப்படித்தான். ஏர் ஃபில்டருக்குப் போகும் காற்றுக் குழாயையும், தேவைப்பட்டால் பெட்டியையும் கழற்றி ஓரமாக வையுங்கள். பெரும்பாலும் சில கிளிப்புகளும் இரண்டு மூன்று போல்ட்டுகளும்தான். என்ஜினுக்குப் போகும் குழாயின் திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். ஒரு நட் உள்ளே விழுந்தால் செலவு பேட்டரி விலையைத் தாண்டிவிடும்.

நம் ஊர்க் காடிகளில் பெரும்பாலும் 10 மில்லி ஸ்பானரே போதும். குட்டையானதாக எடுத்து, பிடிக்கும் பகுதியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாம் கழற்றியாக வேண்டும். சாவியைச் சட்டைப்பையில் வையுங்கள், காடிக்குள் விடாதீர்கள்.

மைனஸை முதலில் கழற்றுங்கள். காடியின் உடம்பு முழுக்க மைனஸோடு இணைந்திருப்பதால், அதைக் கழற்றும்போது ஸ்பானர் காடியின் இரும்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது; பிளஸ் முனையில் மட்டும் படக்கூடாது. பிளஸ்ஸை முதலில் கழற்றி, ஸ்பானரின் மறுமுனை இரும்பில் பட்டால் முழு மின்சாரமும் அதன் வழியே பாயும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவும் பற்றிக்கொள்ளும். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். முனையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வர மறுத்தால் சுத்தியலால் தட்டாமல் இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரை ஊற்றித் துலக்கினால் போய்விடும்.

சின்னப் பேட்டரியே சுமார் 10 கிலோ இருக்கும். சாய்க்காமல் நேராகத் தூக்குங்கள். அமிலம் கையிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண் என்றால் கிளினிக்குக்கும் போய்விடுங்கள்.

வாங்கும்போது பழையதன் மேலுள்ள எழுத்துகளை அப்படியே படம் எடுத்துப் போங்கள். கடைசியில் இருக்கும் எல், ஆர் என்ற எழுத்து மாறினால் முனைகள் இடம் மாறி, கேபிள் எட்டாது. எக்கோ ஐடல் (சிக்னலில் நின்றதும் என்ஜின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வசதி) உள்ள காடி என்றால் அதற்கென்றே செய்த பேட்டரிதான் வேண்டும். சாதாரணப் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் பிராக்கெட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். இடுக்கில் மாட்டச் சிரமம் என்று அதைக் கழற்றி வீசிய காடிகளை நிறையப் பார்க்கிறேன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் குலுங்கினால் உள்ளே இருக்கும் தகடுகள் உதிர்ந்துவிடும். நம் வெயிலே பேட்டரி ஆயுளைக் குறைக்கிறது, குலுக்கலும் சேர வேண்டாம்.

மாற்றியதும் ஐடல், அதாவது காடி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம், கொஞ்சம் ஏறி இறங்கலாம். சில நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருப்பதால் சட்டப்படி அது அபாயக் கழிவு. செம்பனை வரிசையில் எறிய வேண்டாம். விலை பேசும்போதே பழையதை எடுத்துக்கொண்டு கழித்துத் தரும்படி கடைத் தௌகேயிடம் கேளுங்கள்.