விலங்குவழிச் சிகிச்சையில் நாய்க்கு என்ன நன்மை?

நாய் போன்ற விலங்குகளோடு பழகவிட்டு மனிதருக்கு உதவும் இந்தச் சிகிச்சையில் மனிதருக்கு ஆறுதல் கிடைப்பது சரி, அந்த நாய் துன்பப்படாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு லாப்ரடாரைச் சிறப்புக் குழந்தைகள் பள்ளி ஒன்றுக்கு அழைத்துப் போய் வருகிறேன். என் அனுபவத்தில், நாய்க்கும் அது மகிழ்ச்சியாக அமையலாம். ஆனால் யாராவது நாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் ஓடன்டால், மைன்ட்ஜெஸ் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வை இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். நாயை அன்போடு தடவிக்கொடுக்கும்போது மனிதர், நாய் இருவர் உடலிலும் பாசத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்ற ஹார்மோனோ மனிதருக்கு மட்டுமே குறைந்தது. இந்தப் பின்பாதியை மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை!

சாதுவான நாய்க்குத்தான் இதில் சிக்கல் அதிகம். காதைப் பிடித்து இழுத்தாலும் எங்கள் நாய் உறுமாது. உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்ளும், ஓரக்கண்ணில் வெள்ளை தெரியும். "பாவம், தூக்கம் வந்துவிட்டது" என்பார் ஆசிரியை. தூக்கமில்லை, "போதும்" என்கிறது. வால் ஆடுவதை மட்டும் நம்பினால் இதெல்லாம் கண்ணில் படாது.

அதனால் அறை மூலையில் அதற்கென ஒரு பாய் விரித்திருக்கிறோம். அது பாய்க்குப் போய்விட்டால் யாரும் பின்னால் போகக் கூடாது, நான் உட்பட. முதலில் குழந்தைகள் அழுதார்கள். இப்போது எதையும் பறித்தே பழகிய ஒரு சிறுவன், பாய்க்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டிக் காத்திருக்கிறான். நாய் எழுந்து வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராவிட்டாலும் இப்போது அவன் கத்துவதில்லை. அவனுக்குச் சிகிச்சை என்று நடந்தது, என் கணக்கில், அந்தக் காத்திருப்புதான்.

டால்பின்களோடு நீந்தவும் பழகவும் விடும் டால்பின் சிகிச்சையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தொட்டியில் அடைபட்ட உயிர் விலகிப் போக நினைத்தாலும் எங்கே போகும்? அதன் பலனுக்கும் உறுதியான சான்று இல்லை. இந்தியாவில் டால்பின் காட்சியகங்களுக்கு 2013இலேயே தடை வந்துவிட்டது.

உங்கள் ஊரில் யாராவது இச்சேவையை நடத்தினால், நாய் ஓய்வெடுக்கும் இடம் எது, ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறது, தடுப்பூசிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கே விழித்தால் வேறு இடம் பாருங்கள்.