கடவுளும் இல்லை, சாத்தானும் இல்லை என்பவர்கள் ஏன் தங்களைச் சாத்தானிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறார்கள்?

கேள்வியைப் போட்டவர் கூடவே இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார்: இதை வாழ்க்கைத் தத்துவமாக வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் காலம் தள்ள முடியுமா, வீட்டில் சொல்லலாமா. எனக்கு ஊர் குன்னூர்ப் பக்கம். தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்தவள். வெளியே சொல்லிக்கொண்டு திரிவதில்லை, ஆனால் சில வருடங்களாக எனக்கு நானே வைத்திருக்கும் பெயர் சாத்தானிஸ்ட் என்பதுதான். ஆகவே படித்ததும் பட்டதும் கலந்துதான் வரும்.

சாத்தானைக் கும்பிடுகிறார்களா என்றால், இல்லை. நிஜமாகவே கும்பிடுகிற சிறு கூட்டங்களும் உலகத்தில் உண்டு, அது வேறு கதை. நீங்கள் கேட்பது, ஆன்டன் லாவே என்ற அமெரிக்கர் 1966 ஏப்ரல் 30ஆம் தேதி இரவு சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய சர்ச் ஆஃப் சேட்டன் வழியில் வந்தது. மொட்டைத் தலை, கறுப்பு பெயின்ட் அடித்த வீடு, எந்நேரமும் சுற்றி கேமராக்காரர்கள் என்று ஆள் பெரிய வித்தைக்காரர். தன்னைப் பற்றி அவர் அவிழ்த்துவிட்ட கதைகள் பல நிற்காது என்று பின்னால் பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்தார்கள். ஆனால் 1969இல் அவர் வெளியிட்ட ‘சாத்தானிக் பைபிள்’ புத்தகத்தைத் திறந்தால் கும்பிடு சமாச்சாரமே கிடையாது. கடவுளை மனிதன்தான் உண்டாக்கினான், சாத்தானையும் அவனேதான் உண்டாக்கினான்; மனிதனுக்குள் இருக்கும் ஆசைக்கும் திமிருக்கும் எதிர்த்துக் கேட்கும் புத்திக்கும் அந்த உருவம் ஓர் அடையாளம், அவ்வளவுதான் என்கிறது. சாத்தானை உண்மையான ஒரு சக்தியாக எடுத்துக்கொண்ட மைக்கேல் அக்வினோ 1975இல் ஒரு கூட்டத்தோடு பிரிந்துபோய் டெம்பிள் ஆஃப் செட் என்று தனிக்கடை போட்டார். குருப்பட்டங்களைக் காசுக்குத் தருகிறார்கள் என்ற சண்டையும் அந்தப் பிரிவில் உண்டு. சர்ச் என்றாலே இதெல்லாம் வந்துவிடும் போல.

புத்தகத்தின் தொடக்கத்தில் ஒன்பது கூற்றுகள் இருக்கின்றன. ஒடுக்கிக்கொள்வதற்குப் பதில் அனுபவிப்பது, மறுமைக் கனவுக்குப் பதில் கையில் இருக்கிற வாழ்க்கை, பொறுப்பாக நடப்பவர்களிடம் பொறுப்பு, மனிதனும் ஒரு மிருகம்தான் என்றெல்லாம் போகும். ஒன்பதாவது கூற்றின் சாரம் இது: சர்ச்சுக்கு இதுவரை கிடைத்த நண்பர்களில் சாத்தானைப் போல ஒருவர் இல்லை, இத்தனை காலம் அதன் பிழைப்பு ஓடுவதே அவரால்தான். முதல் தடவை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரிப்பதற்கு எங்கள் வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சாத்தானுக்கு ஓய்வே இல்லை. கூட்டத்துக்குக் கிளம்பும்போது பஸ் வரவில்லையென்றால் சாத்தான் தடை போடுகிறான். தம்பி கணக்கில் ஃபெயில் ஆனால் சாத்தான் புத்தியை மழுக்குகிறான். பச்சைத் தேயிலை விலை இறங்கிவிட்டால் அதுவும் சத்துருவின் தந்திரம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இதற்கெல்லாம் பெயர் பெயராகச் சொல்லிக் கட்டி விரட்டுவார்கள். சனிக்கிழமை காலையில் விலை அதே விலைதான்.

இதெல்லாம் சிரித்துக் கடந்துபோகிற விஷயம். அப்பாவின் கால் அப்படியல்ல. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. வலது காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு புண் வந்தது, மழைக்காலத்து ஷூவில் ஊறி ஊறிப் பெரிதானது. சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். “இது வியாதி இல்லம்மா, சாத்தானோட கட்டு. மாத்திரைய நம்புறீங்களா, இயேசப்பாவ நம்புறீங்களா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா மாத்திரை டப்பாவை எடுத்துப் பீரோ மேலே வைத்துவிட்டார். தினமும் எண்ணெய் பூசி ஜெபம். கட்டுத்துணியை மாற்றும்போது வருகிற வாடை ஜன்னலைத் திறந்துவைத்தாலும் போகாது. விரல் நுனி கறுத்தபிறகுதான் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம், இரண்டு விரலை எடுத்தார்கள். டாக்டர் திட்டியது எங்களை. போதகர் வந்து பார்த்துவிட்டு, “காலே போயிருக்கும், கர்த்தர் விரலோட நிறுத்துனாரு” என்றார்.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு இது அப்படியே பேரேடு மாதிரி தெரிந்தது. வியாதி சாத்தான் பற்றில், பிழைத்தது கர்த்தர் வரவில். மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. சாத்தானும் இல்லை, கர்த்தரும் இல்லை என்று வைத்துக்கொண்டால் மிச்சமிருப்பது ஆட்கள்தான். யார் என்ன செய்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். நாத்திக சாத்தானிசத்தில் என்னைப் பிடித்து இழுத்தது இந்த இடம்தான். கெட்ட பிள்ளையாக இருக்க அனுமதி கொடுக்கிறது என்று நினைத்துத்தான் பலர் அதன் பக்கம் போகிறார்கள். உள்ளே போனால், பழி போட ஆளே கிடைக்காது. இப்போது அப்பாவின் மாத்திரை டப்பா என் பொறுப்பு.

அனுபவிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் எல்லாரும் கோணலாகப் புரிந்துகொள்கிறார்கள். லாவேயே அனுபவிப்பது வேறு, அதற்கு அடிமையாகிக் கிடப்பது வேறு என்று பிரித்து எழுதியிருக்கிறார். என் விஷயத்தில் அது ஒரு ஜோடி ஜிமிக்கி. எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்த பெண்கள் நகை போடக்கூடாது. எனக்குச் சின்ன வயதில் கழற்றிய கம்மல், காதுத் துளை தூர்ந்தே போய்விட்டது. சம்பாதிக்க ஆரம்பித்தபிறகு குன்னூர் மார்க்கெட்டில் ஓர் ஆசாரியிடம் போய் மறுபடி குத்திக்கொண்டேன். வளர்ந்த காதில் குத்தினால் நன்றாகவே வலிக்கும். டிசம்பர் பனியில் காலை ஷிஃப்டுக்கு நடக்கும்போது ஜிமிக்கி ஐஸ் மாதிரி கழுத்தில் உரசும், அதுவும் எனக்குப் பிடிக்கும். கவரிங்தான், பவுன் வாங்க வசதியில்லை. அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, “ஏண்டி, பரலோகத்துக்கு இத மாட்டிக்கிட்டா போகப்போற?” என்றார். “ஃபேக்டரிக்குத்தாம்மா போறேன்” என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இனி எனக்கு ஒவ்வாத பாதி. லாவேயின் புத்தகத்தில் முதல் பகுதி பெரும்பாலும் அவர் எழுதியதே அல்ல. ராக்னர் ரெட்பியர்ட் என்ற புனைபெயரில் 1890களில் வந்த ‘மைட் இஸ் ரைட்’ என்ற நூலிலிருந்து எடுத்து, வெட்டி ஒட்டியது. வலுத்தவன் வாழட்டும், இளைத்தவன் ஒழியட்டும் என்கிற பேச்சு. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று நம் ஊரில் சலித்துக்கொண்டு சொல்வதை, இவர்கள் கொள்கையாகவே எழுதிவைத்துவிட்டார்கள். என் தாத்தா பாட்டி இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்களில் பேர் வந்து, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968இல், இன்று டேன்டீ எனப்படும் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இலங்கையில் பாட்டி பறித்த கொழுந்தைத் தராசில் வைக்கும்போது, ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கங்காணி கழித்துக்கொண்டே போவாராம். வெயில் காலத்திலும் ஈரக் கழிவு உண்டாம். வலுத்தவன் வாழ்வான் என்பதை லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர்களுக்கு ஒருவரும் புத்தகம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பலவீனம் என்று லாவே எழுதுவதில் பாதி, தராசு யார் கையில் இருக்கிறது என்பதுதான். அந்தப் பக்கங்களை நான் தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டால் நீ சாத்தானிஸ்டே இல்லை என்று சர்ச் ஆஃப் சேட்டன்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

2013இல் லூசியன் கிரீவ்ஸ், மால்கம் ஜாரி இருவரும் தொடங்கிய சேட்டனிக் டெம்பிள் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நெருக்கம். இவர்களும் நாத்திகர்கள்தான், தலைமையகம் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் (நம் சேலம் அல்ல). ஏழு கோட்பாடுகள் வைத்திருக்கிறார்கள்: எல்லா உயிரிடமும் பரிவு, சட்டத்துக்கு மேலே நியாயம், என் உடம்பு என் இஷ்டம், அறிவியலுக்கு எதிராக நம்பிக்கையை வளைக்காமை, தப்புச் செய்தால் ஒத்துக்கொண்டு சரிசெய்வது என்ற ரீதியில். 2015இல் ஆட்டுத்தலையும் சிறகும் வைத்த 8.5 அடி பாஃபமெட் வெண்கலச் சிலையை டெட்ராய்ட்டில் திறந்தார்களே, அவர்கள்தான். ஓக்லஹோமா சட்டமன்ற வளாகத்தில் பத்துக் கட்டளைக் கல் வைத்தபோது, அரசு இடத்தில் ஒரு மதத்துக்கு இடம் உண்டென்றால் எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். அந்தக் கல்லை எடுக்கச் சொல்லி அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டது, வேறொருவர் போட்ட வழக்கில். சிலை ஓக்லஹோமாவுக்குப் போகவேயில்லை. இரண்டு அமைப்புக்கும் ஒத்துக்கொள்ளாது. நாங்கள்தான் அசல் என்பது சர்ச் ஆஃப் சேட்டன்காரர்கள் வாதம்.

நரபலி, குழந்தை கடத்தல் பற்றி ஒருவர் கமென்ட்டில் கேட்டிருந்தார். 1980களில் அமெரிக்காவில் இந்தப் பீதி ஊரையே ஆட்டியது. கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் கிளம்பி 1990 வரை இழுத்து, ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லாமல் முடிந்தது. இப்படி ரகசியக் கொலைக் கூட்டம் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று எஃப்.பி.ஐ.யின் கென்னத் லேனிங் 1992இல் அறிக்கை எழுதினார். லாவேயின் விதிகளிலேயே குழந்தைகளைத் துன்புறுத்தாதே, உணவுக்கும் தற்காப்புக்கும் தவிர மிருகத்தைக் கொல்லாதே என்று இருக்கிறது.

சரி, கடவுள் இல்லை என்று சொல்லத் தமிழருக்கு சாத்தான் எதற்கு? நியாயமான கேள்வி. மணிமேகலையில் சமயவாதிகள் வரிசையில் பூதவாதி ஒருவர் வருகிறார். ஆத்திப்பூவும் வெல்லமும் சேர்ந்தால் கள்ளுக்கு வெறி வருகிற மாதிரி, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு வருகிறது, மறுபிறவி என்று ஒன்றும் கிடையாது என்கிறார். மணிமேகலை அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள், அது வேறு. பெரியார் இருக்கிறார். வில்லனைத் தூக்கி நாயகன் ஆக்குகிற வேலையும் நமக்குப் புதிதல்ல. புலவர் குழந்தை 1946இல் இராவண காவியம் எழுதினார், 1948இல் அரசு தடை போட்டது, 1971இல்தான் தடை நீங்கியது. ஒரு பெயரைச் சொல்லி மிரட்டிக்கொண்டே இருந்தால், மிரட்டப்பட்டவர்களில் ஒருவர் ஒரு நாள் அந்தப் பெயரையே எடுத்து மாட்டிக்கொள்வார். லாவே செய்ததும் அதுதான்.

ஆனால் மிரட்டல் எந்தப் பெயரில் வந்ததோ அந்தப் பெயர்தான் வேலை செய்யும். என்கூட வேலை பார்க்கும் ஒரு படுகப் பெண்ணிடம் ஒரு நாள் டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். “சாத்தான்னா யாருக்கா, எமன் மாதிரியா?” என்றாள். ஹெத்தை ஹப்பா என்ற படுகர் திருவிழாவுக்கு வெள்ளை முண்டு கட்டி வளர்ந்தவளுக்கு அந்தப் பெயரில் எந்தப் பயமும் இல்லை. அங்கே நான் சாத்தானிஸ்ட் என்று அறிவித்தால் ஏதோ புதுக் கட்சி என்று நினைப்பாள். கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் சாத்தானின் சமையலறை என்று பெயர் வைத்த குகையை, கமல் படம் வந்ததும் நம் ஆட்கள் குணா குகை ஆக்கிவிட்டார்கள். சாத்தானுக்கு இந்த மலைகளில் அவ்வளவுதான் மார்க்கெட். ஆகவே நீங்கள் இந்து வீட்டில் வளர்ந்திருந்தால் இந்தப் பெயர் உங்களுக்கு வெறும் கறுப்பு டி-ஷர்ட்தான். பேசாமல் நாத்திகராகவே இருங்கள். “அப்பாலே போ சாத்தானே” என்று தலையில் கைவைத்து அழுத்தி ஜெபம் பண்ணப்பட்ட ஆட்களுக்குத்தான் இதில் மருந்து இருக்கிறது.

வீட்டில் சொல்லலாமா என்பதற்கு வருகிறேன். லாவே 1967இல் எழுதிய பதினொரு விதிகளில் முதல் விதி, கேட்காதவர்களிடம் கருத்தும் அறிவுரையும் சொல்லாதே. மூன்றாவது, இன்னொருவர் இடத்துக்குப் போனால் மரியாதையாக இரு, முடியாவிட்டால் போகாதே. எனக்கு இது இரண்டும் போதுமாக இருக்கிறது. அம்மா வீட்டில் ஜெபம் நடந்தால் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பேன், ஆமென் மட்டும் சொல்வதில்லை. நான்காவது விதி, உன் வீட்டுக்கு வந்து தொந்தரவு கொடுக்கும் விருந்தாளியை ஈவிரக்கமில்லாமல் நடத்து என்கிறது. அமெரிக்காவில் நடக்கலாம். பெரியப்பா என் குவார்ட்டர்ஸுக்கு வந்து மூலைக்கு மூலை எண்ணெய் தெளித்தபோது நான் டீ போட்டுக் கொடுத்து, அப்புறம் தரையைத் துடைத்தேன்.

கேட்டவர் படிக்கிற பிள்ளை போலத் தெரிகிறது. ஃபீஸ் வீட்டிலிருந்து வருகிறதென்றால் இப்போது சொல்லாதீர்கள். வேலை கிடைத்து, தனியாக ஒரு சாவி கைக்கு வந்தபிறகு யோசித்துக்கொள்ளலாம். சேருவதென்றால் சேட்டனிக் டெம்பிளில் இணையத்திலேயே இலவசமாகப் பெயர் கொடுக்கலாம். சர்ச் ஆஃப் சேட்டனில் ஒரே தடவை 225 டாலர் கட்ட வேண்டும், சேராமலேயே சாத்தானிஸ்டாக இருக்கலாம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நான் இரண்டிலும் இல்லை. ஒரு சபையிலிருந்து வெளியே வரவே இத்தனை பாடு, இன்னொன்றுக்குக் காணிக்கை கட்ட மனசு வரவில்லை.