கழற்றிப் போட்ட ஓடா?

கேள்வி: கடல் உயிரினங்கள் வளர வளரக் கழற்றிப் போடும் கிளிஞ்சல்கள் எப்படி உருவாகின்றன? அவற்றை நினைவுப் பொருளாக மர அலமாரியில் அடுக்கி வைத்தால் எவ்வளவு அழகு!

பதில்: 'கழற்றிப் போடும்' என்று எவ்வளவு நிம்மதியாக எழுதிவிட்டீர்கள்! ஓட்டைக் கழற்றுவது நண்டு. சங்குக்கும் சிப்பிக்கும் அந்த வசதி கிடையாது. அவற்றின் உடலைப் போர்த்தியிருக்கும் சதைமடிப்பு, கால்சியம் கார்பனேட்டைச் சிறிதளவு புரதத்தோடு சுரந்து, ஓட்டின் விளிம்பில் படலம் படலமாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. விளிம்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட விரைவாக வளர்வதால் சங்கு சுருள்கிறது. ஆகவே, காலியான ஓட்டைக் கண்டால் குடியிருந்தவர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார் என்று எண்ண வேண்டாம், அவர் காலமாகிவிட்டார்.

அந்த வீட்டுக்கும் உங்களுக்கு முன்பே மனுப்போட்டுக் காத்திருப்பவர் உண்டு. துறவி நண்டு என்று பெயர். துறந்தது என்னவோ எனக்குத் தெரியவில்லை; நல்ல ஓடு ஒன்று காலியானால், இந்தத் துறவிகள் பெரியவர் முதல் சிறியவர் வரை வரிசையில் நின்று, முன்னவர் மாறியதும் அவர் விட்ட ஓட்டுக்குள் பின்னவர் நுழைந்துவிடுவார்.

அழகை நான் மறுக்கவில்லை. சிப்பியின் உட்புறத்து வானவில் நிறங்களில் சாயம் ஏதுமில்லை. ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய பருமனுள்ள மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்து ஒளியைப் பிரித்துக் காட்டுகின்றன. அதன்மீது வார்னிஷ் பூசிக் கடிகாரத்தைச் சுற்றி ஒட்டுகிறவர்களை இந்தப் பக்கத்தில் நான் பலமுறை வைதிருக்கிறேன். அவர்களும் கடிதம் எழுதி என்னை வைதிருக்கிறார்கள். இரு தரப்பும் திருந்துவதாக இல்லை. ஆனால், வார்னிஷே இல்லாமல் பளபளக்கும் சோழியைக் கண்டால்தான் எனக்குக் கூடுதல் சந்தேகம். உயிரோடிருக்கும் சோழி தன் சதைமடிப்பால் ஓட்டின் வெளிப்புறத்தையும் மூடிக் காப்பதால்தான் அந்த மினுக்கு. இறந்த பின் அலையிலும் மணலிலும் உருண்ட ஓட்டில் அது நிலைப்பதில்லை. கீறலே இல்லாத சோழி பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டதாகவே இருக்கும். அழகிய ஓட்டுக்காகவே வேட்டையாடப்படும் நாட்டிலஸ் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரினம், 2016-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கடைசியாக, உங்கள் மர அலமாரி. சில மரப்பலகைகளிலிருந்து கசியும் அமில ஆவி கிளிஞ்சலை அரித்து, அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்கச் செய்யும். 1899-இல் அதை விவரித்த பைன் என்பவரின் பெயரால் அருங்காட்சியகத்தார் அதை 'பைன் நோய்' என்கிறார்கள். உலோக அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். பொடியைப் போக்க வினிகரில் ஊறவைக்கும்படி யாரேனும் யோசனை சொன்னால், பொடியோடு ஓடும் சேர்ந்து கரையும் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.