எடையும் தசையும்: பாளையங்கோட்டை பிசியோவிடம் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். உடல் எடை கூடும்போது தசைக்கும், தசையை எலும்போடு கட்டும் நாணுக்கும் என்ன ஆகிறது என்று கேளுங்கள். ஸ்கேன் படத்தை அனுப்பி ‘என்ன வியாதி’ என்று கேட்டால் பதில் வராது.

வண்ணார்பேட்டை: 102 கிலோ இருக்கிறேன். கெண்டைக்கால் உலக்கை மாதிரி. ஆனால் மாடிப்படி ஏறினால் கடுக்கிறது. தசை பெரிதானால் பலம் கூட வேண்டாமா சார்?

கூடத்தான் செய்கிறது, அண்ணாச்சி. நாள் முழுக்க அந்த எடையைச் சுமக்கிற தொடையும் கெண்டைக்காலும் ஒல்லியானவர்களுடையதைவிடப் பெரிதாகவே இருக்கும். கருவியில் அழுத்திப் பார்த்தால் மொத்த விசையும் கூடுதலாக வரலாம். அதை உங்கள் எடையால் வகுத்துப் பாருங்கள், கணக்கு உதைக்கும்: ஒரு கிலோ எடைக்கு வரும் பலம் குறைவு. தசையை ஆக்கும் மெல்லிய நார்களுக்கு நடுவிலும் நாருக்கு உள்ளேயும் கொழுப்பு இறங்கியிருக்கும். அது சுருங்காது, இழுக்காது, இடத்தை மட்டும் அடைக்கும். கெண்டைக்காலில் நார்கள் நாணோடு சேரும் சாய்வும் கூடுகிறது. சாய்வு கூடினால், நார் இழுக்கும் விசையில் நாணுக்குப் போய்ச் சேரும் பங்கு கொஞ்சம் குறையும். களைக்காமல் உழைக்கும் மெதுநார்களும் பலருக்குக் குறைகின்றன. படியேறும்போது நெஞ்சும் அடைத்தால் என்னிடம் வராதீர்கள், இதய மருத்துவரிடம் போங்கள்.

மேலப்பாளையம்: காலையில் எழுந்து முதல் அடி வைக்க முடியவில்லை. குதிகால் உயிர் போகிறது.

அது பெரும்பாலும் கெண்டைக்காலைக் குதிகாலோடு கட்டும் குதிநாண் இல்லை, பாதத்துக்கு அடியில் ஓடும் பட்டை. எடை கூடினால் இந்த வலியும் கூடும். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு. குதிகாலின் பின்பக்கம், நாண் மேலேயே வலித்தால், படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி. 12 வாரம் செய்ய வேண்டும், 12 நாள் இல்லை. குதிநாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், அறுந்துபோகும் ஆபத்து உண்டு.

முக்கூடல்: பீடி சுற்றுகிறேன். தோள் வலிக்கு எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். கையா உடம்பைத் தாங்குது?

நல்ல கேள்வி, அக்கா. சுமை ஒன்றுதான் காரணம் என்றால் தோள் நாண் தப்பித்திருக்க வேண்டும். தப்பவில்லை. எடை கூடியவர்களிடம் தோள்பட்டை நாண்களும் அதிகமாகப் பழுதாகின்றன. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். நாணை ஆக்கும் புரதமான கொலாஜன் புதிதாக ஒழுங்காகப் படிவதை அவை கெடுக்கின்றன. சர்க்கரை நோயும் சேர்ந்தால், ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை கொலாஜன் இழைகளில் ஒட்டி, இழைக்கு இழை தேவையில்லாத பிணைப்புப் போட்டு நாணை விறைக்க வைக்கும். நாணுக்கு ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் குணமாக மாதக்கணக்கில் ஆகும். குனிந்தே உட்கார்ந்து சுற்றுவதற்கும் இதில் பங்கு இருக்கும், எல்லாப் பழியையும் எடைமேல் போட மாட்டேன். சர்க்கரை பார்த்தீர்களா? முதலில் அது.

நெல்லை டவுன்: ஆனித் தேரோட்டத்தில் முன்னால் வடம் பிடிக்கிறவர்கள் எல்லாம் பாரியான ஆட்கள்தான். பலம் இல்லாமலா?

வடம் இழுக்கும்போது கால் வழுக்காமல் நிற்பதே பாதி வேலை. எடை கூடினால் தரையில் உராய்வு கூடும், அங்கே கனத்த ஆள் ராஜா. அவரையே கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்கச் சொல்லுங்கள்.

தென்காசி: தொங்குவதுதான் பலமா? எங்க மாமா 110 கிலோ. நெல் மூட்டையோடு லாரியில் ஏறுவார்.

மாமா சுமை தூக்கித் தூக்கித் தசையை வளர்த்தவர். உழைக்கிற கனத்த உடம்பும் உட்கார்ந்தே கனத்த உடம்பும் தராசில்தான் ஒன்று.

நெல்லை டவுன்: அப்போ ஒத்துக்கொள்கிறீர்கள்!

மாமாவை ஒத்துக்கொள்கிறேன். உங்களை இன்னும் இல்லை.

பேட்டை: காலையில் குதிகால் வலி...

மேலப்பாளையத்துக்குச் சொன்ன பதில்.

வள்ளியூர்: குதிநாண் வலிக்கு ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டு கபடி ஆடலாமா?

அதே பதிலின் கடைசி வரி. இரண்டு தடவை படியுங்கள்.

களக்காடு: அல்வாவில் நெய் இருக்கே, நாணுக்கு நல்லதுதானே?

இல்லை.

அம்பாசமுத்திரம்: பட்டினி கிடந்து 12 கிலோ குறைத்தேன். முழங்கால் வலி போச்சு, தொடை சூம்பிப் போச்சு.

முழங்கால் சங்கதி சரிதான். 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும். ஆனால் பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். பயறு, முட்டை, மீன் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. அப்புறம், வாரம் மூன்று நாள் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருங்கள். தொடை நடுங்கினால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.