வகுப்பறையில் வைஃபை: பெற்றோர் கேட்டதும் நான் சொன்னதும்

போன சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எல்லா வகுப்பறைக்கும் வைஃபை என்ற பேச்சு வந்ததும், கேன்டீனில் ஆறிக்கொண்டிருந்த பலகாரத்தை யாரும் சீந்தவில்லை. பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருபது வருஷத்துக்கு மேல் ரேடியோ கருவிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவன் என்பதால் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்று சொல்லி முடிக்காததையும், பிறகு வாட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அலை, ஆன்டெனா, அளவுக் கருவி, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

அண்ணே, கதிர்வீச்சு என்றாலே புற்றுநோய்தானே? இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் தலைக்கு மேலேயே அந்தப் பெட்டியை மாட்டப் போகிறார்களாமே? (ஆயர் ஈத்தாம், ஒரு தாயார்)

பாதிப் பயம் அந்தச் சொல்லில் இருக்கிறது அம்மா. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் கதிர்வீச்சு, மின்னல் எஃப்எம் பாட்டைச் சுமந்து வரும் அலையும் கதிர்வீச்சு. பேராக்கில் புக்கிட் மேரா ஊரில் தொழிற்சாலையிலிருந்து வந்த தோரியம் என்ற கதிரியக்கக் கழிவு விவகாரத்தைப் பார்த்த தலைமுறைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். கலங்கியதில் தப்பும் இல்லை. தோரியமும் எக்ஸ்ரேயும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும், மரபணுவை நேராகவே சிதைக்கும். வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்தச் சக்தி கிடையாது. அளவு மிகக் கூடினால் உடம்பைச் சூடாக்கும், அதுதான் அதன் உறுதியான கெடுதல். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலையில்தான் சமைக்கிறது, ஆனால் இரும்புப் பெட்டிக்குள் 800, 1000 வாட்டைப் பூட்டி வைத்து. கூரையில் மாட்டும் பெட்டி வெளியே விடுவது பொதுவாக 0.1 வாட் சுமார்.

வாயால் சொல்வது சரி, அளந்து பார்த்தீர்களா? (ஜெலுத்தோங், ஓர் அப்பா)

இப்படித்தான் கேட்க வேண்டும். முதலில் கணக்கு. பொதுமக்களுக்கு இந்த அலைவரிசையில் அனைத்துலக வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 10 வாட், அதாவது 10,000 மில்லிவாட். 0.1 வாட் பெட்டியிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மேலே விழுவது 1 மில்லிவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதுவும் பெட்டி ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தால். நிஜத்தில் அது விட்டு விட்டுத்தான் பேசும். தூரம் இரண்டு மடங்கானால் அளவு கால்வாசியாகிவிடும்.

கூட்டம் முடிந்ததும் கணினி அறையில் நாலைந்து பேர் கருவியைச் சுற்றி நின்றது நினைவிருக்கும். கடைசி மேசையில் வைத்தேன், எண் அரை மில்லிவாட்டைக்கூடத் தொடாமல் கீழேயே ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு தாயாரைக் கைப்பேசியில் வீட்டுக்குக் கூப்பிடச் சொன்னேன். அந்த அறையில் கைப்பேசிக் கோபுர சிக்னல் ஒரு கோடுதான், அதனால் கைப்பேசி பலமாக அலை விட்டால்தான் கோபுரத்துக்குக் கேட்கும். எண் நூறு மடங்குக்கு மேல் குதித்தது. 'அட கடவுளே, இதையா காதில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்' என்றார். கைப்பேசியும் வரம்புக்குள்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கூரைப் பெட்டியைப் பற்றிக் கேட்ட கேள்வியை முதலில் கையில் இருப்பதைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனமே புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்று செய்தி வந்ததே?

சேர்த்தது உண்மை. அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. 'காரணமாக இருக்கக்கூடும், சான்று போதவில்லை' என்று அதற்கு அர்த்தம். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அன்று முக்கியமாக எடுத்துக்கொண்ட சான்றும் கைப்பேசியைக் காதில் வைத்து நிறையப் பேசியவர்களைப் பற்றியது, வகுப்பறை வைஃபை பற்றியது இல்லை.

அதற்குப் பிறகு 14 நாடுகளில் 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கைப்பேசியால் மூளைக்கட்டி கூடியதாகக் காணவில்லை என்று அதன் முடிவு 2022-இல் வந்தது. நிறுவனமே கேட்டு வாங்கிய 2024 தொகுப்பாய்வும் அதையே சொன்னது. எதிர்த்தரப்பில் அமெரிக்க எலி ஆய்வு இருக்கிறது, 2018. நாளுக்கு ஒன்பது மணி நேரம், உடம்பு முழுக்க, கடும் அளவில் அலையைக் காட்டியதில் ஆண் எலிகளின் இதயத்தில் கட்டி வந்தது. அதை மறைத்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதை வகுப்பறையோடு ஒட்டவைக்கிறவர்களையும் நம்புவதில்லை.

பிரான்சில் தடை செய்துவிட்டார்களாமே சார்?

முழுத் தடை இல்லை. 2015 சட்டப்படி காப்பகங்களில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் அறைகளில் வைஃபை கூடாது. தொடக்கப் பள்ளியில் பாடத்துக்குப் பயன்படுத்தாத நேரத்தில் அணைத்து வைக்க வேண்டும். முன்னெச்சரிக்கைதான். எனக்கு அந்த இரண்டாவது விதி பிடித்திருக்கிறது, ஒரு சுவிட்சு விலைதானே! நம் பள்ளியில் மூன்று விஷயம் கேட்கலாம்: கணினி அறைக்குக் கம்பி வழி இணைப்பு, வகுப்பறைப் பெட்டிக்குத் தனி சுவிட்சு, பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே மாட்டாமல் ஆசிரியர் மேசைப் பக்கம் மாட்டுவது. தலைமையாசிரியர் மறுப்பார் என்று தோன்றவில்லை.

பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கோபுரம்?

கோபுர ஆன்டெனா அலையைக் கலங்கரை விளக்கு மாதிரி தூரத்துக்கு வீசும். காலடியில் பெரும்பாலும் குறைவு. சந்தேகம் இருந்தால் சங்கத்தின் பெயரில் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எம்சிஎம்சிக்கு எழுதி அளக்கச் சொல்லுங்கள். கோபுரத்தை விரட்டினால் சிக்னல் குறையும், கைப்பேசி இன்னும் கத்திப் பேசும். கணினி அறையில் பார்த்தோமே, அதுதான்.

இரவுச் சந்தையில் 5ஜி கதிரைத் தடுக்கும் பதக்கம் விற்கிறார்கள். பிள்ளைக்கு வாங்கிப் போடலாமா அண்ணா?

வேண்டாம் தங்கச்சி, வேண்டவே வேண்டாம். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு அதிகாரிகள் இந்த மாதிரிப் பதக்கம், கைவளையம் என்று பத்துப் பொருளைச் சோதித்தார்கள். அவற்றிலிருந்தே நிஜமான அணுக் கதிர் வந்துகொண்டிருந்தது. அதில் ஒன்று குழந்தைகளுக்கான வளையம். இல்லாத பேய்க்குப் பயந்து தாயத்து கட்டப்போய்த் தாயத்திலேயே பேய் இருந்த கதை.

கணினி வகுப்பு முடிந்து வந்தால் மகளுக்குத் தலைவலி. வைஃபைதான் காரணமா?

வலி பொய் இல்லை. ஆனால் அலை இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் வைத்துச் சோதித்தபோது, தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றவர்களாலும் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் கண்ணைக் காட்டுங்கள். பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது, தண்ணீர் குடித்ததா என்று கேளுங்கள். அந்த அறையின் சன்னல்கள் திறந்து நான் பார்த்ததே இல்லை, அதையும் கூட்டத்தில் எழுப்புகிறேன்.

உங்கள் வீட்டில் எப்படி?

மோடம் ஹாலில், டிவி பக்கத்தில். தலையணைக்கு அடியில் கைப்பேசி கிடையாது. இரவு பத்து மணிக்கு எல்லாம் சமையலறை அலமாரிக்குப் போய்விடும். அது கதிர்வீச்சுக்காக இல்லை, தூக்கத்துக்காக என்று என் மகனிடம் ஒப்புக்கொண்டேன். படிவம் 3 படிக்கிறான். கருவியை எடுத்து அலமாரிக் கைப்பேசிகளை அளந்து, 'அப்பா, ஒன்றுமே இல்லையே' என்று வந்து நின்றான். வேறு வழி?

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கருவியோடு கணினி அறையில் இருப்பேன். அவரவர் கைப்பேசியை எடுத்து வாருங்கள்.