சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் பாலியல் நலம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்குச் சரியான பாலியல் அறிவு உள்ளது? ஆய்வேட்டுக்காக ஒரே எண்ணாகத் தரவும்.

ஒரே எண் கிடையாது. அப்படித் தருபவரை நம்பவும் வேண்டாம். ஷாங்காய் மாணவியிடமும், கான்சு மாநில மலைக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனிடமும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துச் சராசரி எடுத்தால், அது இருவரையுமே காட்டாது. எச்.ஐ.வி. பரவும் வழிகளைச் சரியாகச் சொல்லும் மாணவர்களே கருத்தடை பற்றிய கேள்விகளில் தடுமாறுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஓர் ஊரின் ஆய்வை நாட்டின் நிலையாக எழுதாதீர்கள். அறிவும் மனப்பாங்கும் வேறு வேறு என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: அங்கே பாலியல் கல்விக்குத் தடை உள்ளதாமே?

இல்லை. 2021 ஜூன் முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட சிறார் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வயதுக்கேற்ற பாலியல் கல்வியைப் பள்ளிகளின் கடமையாகவே வைத்திருக்கிறது.

கேள்வி: நான் ஆசிரியை. பதின்ம வயதுக் காதலைக் கண்டித்துத் தடுத்தாலே போதாதா? சீனப் பள்ளிகள் அதைத்தானே செய்கின்றன?

செய்கின்றன, அதனால்தான் போதாது என்கிறேன். 'சாவ்லியன்' என்று அங்கே ஒரு சொல் உண்டு. காலத்துக்கு முந்திய காதல் என்று பொருள். காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடியும்வரை இதைக் குற்றமாகவே கருதி, சேர்ந்து நடந்த இருவரின் பெற்றோரையும் வரவழைத்துக் கண்டிக்கும் பள்ளிகள் பல உள்ளன. இந்தக் கண்காணிப்பையே பாலியல் கல்வியாகக் கணக்குக் காட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏழாம் வகுப்பு உயிரியல் நூலில் மனித இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அதைக் கடந்துபோகும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகக் குழு தொடக்கப் பள்ளிகளுக்காக உருவாக்கிய நூல், உறுப்புகளை அவற்றின் பெயராலேயே சொல்லிப் படமும் போட்டிருந்ததால், 2017இல் ஹாங்சோவில் எதிர்ப்புக்கு உள்ளாக, பள்ளி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாதவிடாயைக்கூடப் 'பெரியம்மா வந்திருக்கிறாள்' என்றே மாணவிகள் குறிப்பிடும் நாடு அது. 2019 இறுதியில் தொடங்கி 50,000க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் நடந்த கணக்கெடுப்பில், ஏறத்தாழப் பாதிப் பேரே பள்ளியில் பாலியல் கல்வி பெற்றதாகக் கூறினர். ஆணுறை பற்றி வகுப்பில் வாய் திறக்காத ஊர்களில், 'வலியில்லாக் கருக்கலைப்பு' விளம்பரத்தைச் சுமந்துகொண்டு பேருந்துகள் பல ஆண்டுகள் ஓடின. இதில் எது பிள்ளைகளைக் கெடுக்கும், ஆசிரியையே?

கேள்வி: சீனாவில் உடலுறவுக்கான சம்மத வயது 20 தானே?

14. இருபது என்பது பெண்ணின் திருமண வயது, ஆணுக்கு 22. இரண்டையும் குழப்ப வேண்டாம். 14 முதல் 16 வயதுக்குட்பட்ட சிறுமியுடன் காப்பாளர், ஆசிரியர், மருத்துவர் போன்ற பொறுப்பில் உள்ளவர் உறவு கொண்டால், அவள் இசைந்திருந்தாலும் 2021 முதல் அது குற்றம்.

கேள்வி: அவசரக் கருத்தடை மாத்திரை அங்கே மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறதாம். அதையே வழக்கமாக்கிக் கொள்ளலாமா?

கூடாது. பெயரிலேயே அவசரம் என்று இருக்கிறது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவில் உட்கொள்கிறாரோ அவ்வளவு பலன். பால்வினைத் தொற்றை அது தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

கேள்வி: ஆண்டுக்கு 3,000 பள்ளிப் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. வருகிறதாமே?

சரியாகப் படிக்கவில்லை. அந்த எண் 15 முதல் 24 வயது வரையான மாணவர்களைக் குறிப்பது. கல்லூரியினரும் அதில் அடக்கம். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு ஆண்களுக்கிடையிலான உறவின் வழியே தொற்று வந்தது. தன்பாலீர்ப்புள்ள மாணவனை ஏளனம் செய்யும் வகுப்பறை, இலவசப் பரிசோதனை இருந்தும் அவனை அங்கே போகவிடாது. தொற்று நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை அந்தத் தொடர்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். மீண்டும் சொல்கிறேன்: ஓர் எண் யாரைக் குறிக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஷாங்காயில் வசிக்கிறோம். 15 வயது மகளுக்கு எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசு) தடுப்பூசியைத் திருமணத்துக்குப் பிறகு போட்டால் போதுமா?

தள்ளிப்போடாதீர்கள், அம்மா. உறவு தொடங்குவதற்கு முன் போட்டால்தான் முழுப் பயன். இந்த வைரசின் ஒன்பது வகைகளுக்கான ஊசியே 2022 முதல் அங்கே 9 வயதிலிருந்து அனுமதிக்கப்பட்டுள்ளது. 15 வயது நிறைந்தவருக்குப் பொதுவாக மூன்று தவணை. உங்கள் பகுதிச் சுகாதார மையத்தில் முன்பதிவு செய்யுங்கள். ஊசி எதற்கென்று மகளிடம் விளக்கமாகச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.